ஓடுகிற மிஷினைத் தொடலாமா? சேகோ ஆலைக்கு மூன்று பராமரிப்பு வழிகள்

ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்தும் ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். கிழங்கு சீசன் தொடங்கப் போகிறது, அவர் வீட்டில் மூன்று கட்சி. அப்பா கட்சி: "ஓடற மிஷினத் தொடாத. நின்னா பாத்துக்கலாம்." வருட ஒப்பந்தத்துக்கு வந்த காண்ட்ராக்டர் கட்சி: சீசனுக்கு முன்னால் எல்லா பேரிங்கும் எல்லா பெல்ட்டும் புதுசு போட்டுவிடலாம். மச்சினர் கட்சி: மோட்டாருக்கு மோட்டார் சென்சார் ஒட்டினால் செல்போனிலேயே தெரியும், எது எப்போது போகும் என்று. "யார் சொல்றதுண்ணா சரி?"

மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆளுக்கொரு பாகத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆலை முழுவதற்கும் ஒரே வழி என்று முடிவெடுக்கும்போதுதான் பணம் வீணாகிறது. இதே கேள்வி விசைத்தறிக்காரர்களிடமிருந்தும் ஏற்காட்டு எஸ்டேட்காரர்களிடமிருந்தும் வந்துகொண்டே இருப்பதால், அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

நின்றால் என்ன நஷ்டம்? உதிரி விலை இங்கே கணக்கே இல்லை. பிடுங்கிய குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஒன்றிரண்டு நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து கறுக்க ஆரம்பிக்கும். கிழங்கை அரைக்கும் ராஸ்பர் நின்றால் வாசலில் லாரி நிற்கும், தொட்டியில் மாவுப்பால் புளிக்கும், மாவின் வெண்மை போகும். வெண்மை போனால் விலை போகும். ஆயிரம் ரூபாய் பேரிங் ஒரு நாள் கிழங்கையே தின்றுவிடும்.

அந்தப் பாகத்துக்கு வயசாகுமா? பெல்ட் தேயும், ராஸ்பர் தகடு மழுங்கும். இவற்றுக்கு வயது உண்டு. ஆனால் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் போய் மோட்டார் எரிவதற்கும் மோட்டாரின் வயதுக்கும் சம்பந்தமில்லை. அப்படித் தற்செயலாகப் போகிற பாகத்தை நாள் பார்த்து மாற்றுவதால் ஒரு பைசா லாபம் கிடையாது. நாளைக்குப் போகும் வாய்ப்பு பழசுக்கு எவ்வளவோ அதே அளவுதான் புதுசுக்கும்.

போகும் முன் சொல்லுமா, சொன்னால் எத்தனை நாள் முன்னால்? பேரிங் முதலில் அதிர்வில் காட்டும், பிறகு சத்தம் போடும், பிறகு சுடும், கடைசியில் புகையும். அதிர்வில் பிடித்தால் பெரும்பாலும் வாரக்கணக்கில் நேரம் இருக்கும். கைபொறுக்காமல் சுட ஆரம்பித்துவிட்டால் மணிக்கணக்குதான்.

திரும்ப ஓட எத்தனை மணி நேரம்? இதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு மிஷின் சராசரியாக 500 மணிக்கு ஒரு முறை நிற்கிறது, சரிசெய்ய 10 மணி ஆகிறது என்று வையுங்கள். ஓடத் தயாராக இருக்கும் நேரம் 500 வகுத்தல் 510, அதாவது 98 சதவீதம். அந்தப் பத்து மணியில் எட்டு மணி, உதிரி தேடி சேலம் டவுனுக்குப் போய் வருவதற்கும் ஃபிட்டரைப் பிடிப்பதற்கும். உதிரி அலமாரியில் இருந்து இரண்டு மணியில் முடிந்தால் 500 வகுத்தல் 502, ஏறக்குறைய 99.6 சதவீதம். உதிரியே வைக்காமல் இதே 99.6ஐ எட்ட, 2,500 மணிக்கு ஒரு முறை மட்டுமே நிற்கும் மிஷின் வேண்டும். ஐந்து மடங்கு நம்பகமான மிஷினும், அலமாரியில் ஒரு செட் பேரிங்கும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். எது மலிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போனது யாருக்காவது தெரியுமா? இது தனி ரகம். கடைசியில் வருகிறேன்.

## வழி ஒன்று: உடைந்தபின் பார்ப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் இதுவே புத்திசாலித்தனம். இளம்பிள்ளையில் பன்னிரண்டு தறி ஓடும் கொட்டகையில் ஒரு தறியின் மோட்டார் நின்றால் பதினொன்று ஓடிக்கொண்டிருக்கும். மோட்டார் எல்லாம் ஒரே ரகம், மாற்று ஒன்று மூலையில் இருக்கும், அரை மணியில் மாட்டிவிடலாம். அங்கே சென்சாருக்கும் அட்டவணைக்கும் செலவு செய்தால், தடுத்த நஷ்டத்தைவிடச் செலவுதான் அதிகம் நிற்கும்.

"ஓடறதத் தொடாத" என்ற அப்பாவின் வாக்குக்கு ஆதாரமும் உண்டு. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் நோலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை தயாரித்தார்கள். விமானப் பாகங்கள் எப்படிப் பழுதாகின்றன என்று பார்த்ததில், வயதாக ஆகப் பழுது கூடும் போக்கு 11 சதவீதப் பாகங்களில்தான் தெரிந்தது. மீதி 89 சதவீதத்துக்கு நாள் குறித்து மாற்றுவதால் பலன் இல்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, 68 சதவீதப் பாகங்களில் புதிதாகப் போட்ட தொடக்க நாட்களில்தான் பழுது அதிகம் என்பது. விமானமும் சேகோ ஆலையும் ஒன்றல்ல, அந்த விகிதத்தை அப்படியே ஆத்தூருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் புதுசு போட்டால் கொஞ்ச நாளாவது கவலை இல்லை என்ற நம்பிக்கை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இது போதும்.

நானே பட்டிருக்கிறேன். ஓர் ஆலையில் சீசனுக்கு முந்தின வாரம் ஏழு மோட்டாருக்கும் பேரிங் மாற்றினோம், மேற்பார்வை நான். ஒன்பதாம் நாள் அதில் ஒன்று பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால், சாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தைத் தட்டாமல் வெளிவளையத்தைத் தட்டியிருக்கிறார்கள். அடி முழுக்க உருண்டை வழியாகப் போய், ஓடுபாதையில் வரிசையாகக் குழி. பழைய பேரிங் அந்த சீசனை நிச்சயம் தாண்டியிருக்கும். அந்தப் பழசைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

இந்த வழியின் மறைசெலவு, ஒரு பாகம் போகும்போது பக்கத்துப் பாகத்தையும் கூட்டிக்கொண்டு போவது. பேரிங்கைக் கடைசிவரை ஓடவிட்டால் சாஃப்ட் தேயும், ரோட்டர் உரசும், காயில் போகும். மாற்றுவதற்கு ஆயிரம் ஆகியிருக்கும், இப்போது ரீவைண்டிங் வரை போகும். அதுவும் இரவு இரண்டு மணிக்கு ஃபிட்டர் கேட்கிற கூலியில்.

## வழி இரண்டு: நாள் குறித்து மாற்றுவது

ராஸ்பர் தகடு, பெல்ட், பம்பின் கிளாண்ட் கயிறு (சாஃப்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைப்பது), எண்ணெய், கிரீஸ். இவையெல்லாம் ஓடிய மணிக்கணக்கோடு தேய்பவை அல்லது கெடுபவை. இவற்றுக்கு இந்த வழிதான் சரி. இதில் நாட்காட்டியைப் பார்க்காமல் ஓடிய மணியைப் பாருங்கள். சீசனில் ஒரு நாளைக்கு 20 மணி ஓடும் மிஷினுக்கும், வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும் மிஷினுக்கும் ஒரே தேதி போடுவதில் அர்த்தமில்லை. ஹவர் மீட்டர் ஒன்று மாட்டினால் போதும்.

பேரிங்குக்கு வந்தால்தான் காண்ட்ராக்டரோடு எனக்குச் சண்டை. பேரிங் தயாரிப்பாளர்கள் கணக்கிட்டுத் தரும் ஆயுள், பத்தில் ஒன்று போய்விடக்கூடிய நேரம். மீதி ஒன்பது அதற்குமேலும் ஓடும். நல்ல நிலையில் பாதி பேரிங்குகள் அதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஓடும் என்பதுதான் பொதுக்கணக்கு. அந்த நேரம் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினால், ஒன்றுக்குப் பயந்து ஒன்பது நல்லதைக் குப்பையில் போடுகிறோம்.

சேகோ ஆலையில் பேரிங் பெரும்பாலும் அந்தக் கணக்குப்படி சாவதே இல்லை. சீல் வழியாகப் புளித்த தண்ணீரும் மாவும் ஏறி கிரீஸ் கெட்டுச் சாகிறது. இல்லையென்றால் பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டிச் சாகடிக்கிறோம். பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதம். சுமை கால் பங்கு கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும், இரட்டித்தால் எட்டில் ஒன்றுதான் மிஞ்சும். பெல்ட்டைச் சரியாகக் கட்ட ஃபிட்டருக்குச் சொல்லித்தரும் ஒரு மணி நேரம், ஒரு பெட்டி புது பேரிங்குக்குச் சமம்.

இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் "எல்லாம் மாற்றப்படும்" என்று இருந்தால், மாற்றியவற்றைத் திறந்து பார்த்து அவற்றின் நிலையை எழுதிவைக்க யாருக்கும் தோன்றாது. அடுத்த வருடத்துக்கான பாடம் பழைய இரும்புக்கடைக்குப் போய்விடும்.

## வழி மூன்று: நாடி பார்த்து மாற்றுவது

இதற்கு சென்சார்தான் வேண்டும் என்றில்லை. நம் ஆலைகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. பழைய மேஸ்திரி திப்பியை (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையை) ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பார். பால் வெள்ளையாக வழிந்தால் தகடு மழுங்கிவிட்டது, மாவு திப்பியோடு போகிறது என்று அர்த்தம். இதை நான் ரொம்ப மதிக்கிறேன், ஏனென்றால் ராஸ்பர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நின்றால்தான் பழுது என்று நினைப்பவர் கணக்கில் அது நல்ல மிஷின். வேலையைச் செய்யாத மிஷின், ஓடினாலும் பழுதுதான். அப்பாவின் "ஓடற மிஷின்" என்ற சொல்லில் இருக்கும் ஓட்டை இதுதான்.

அடுத்த படி, ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் வீட்டின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது. அதற்கடுத்தது டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி கரண்ட்டை அளப்பது), துப்பாக்கி தெர்மாமீட்டர், பேனா மாதிரியான அதிர்வுமானி. தெர்மாமீட்டர் பளபளக்கும் இரும்பில் தப்பாகக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு பெயிண்ட் வைத்து எப்போதும் அதிலேயே அளக்க வேண்டும். 15 முதல் 75 கிலோவாட் வரையிலான மோட்டாருக்கு பழைய சர்வதேச அதிர்வுத் தரமான ஐ.எஸ்.ஓ. 10816இன் பொது அட்டவணையில் அதிர்வு வேகம் வினாடிக்கு 1.12 மி.மீ. வரை நல்ல நிலை, 2.8 வரை தொடர்ந்து ஓட்டலாம், 7.1 வரை சீக்கிரம் சரிசெய்ய நாள் குறிக்க வேண்டும், அதற்குமேல் நிறுத்த வேண்டும். ஆனால் பக்கத்திலேயே சல்லடை குலுங்கிக்கொண்டிருக்கும் ஆலையில் இந்த எண்ணை மட்டும் நம்பினால் நல்ல மோட்டாரும் கெட்டதாகத் தெரியும். உங்கள் மோட்டார் நன்றாக இருந்தபோது எவ்வளவு காட்டியது, இப்போது எவ்வளவு காட்டுகிறது என்பதுதான் பேசும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது? பாகம் முதல் அறிகுறி காட்டியதிலிருந்து சாவதுவரை உள்ள இடைவெளியில் பாதிக்குள். நான்கு வாரம் முன்னால் சொல்லும் பேரிங்கை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் உதிரி வாங்கி, நிறுத்த நாள் பார்த்து, ஆளும் ஏற்பாடு செய்ய முடிய வேண்டும். முடியாதென்றால் முன்கூட்டித் தெரிந்து என்ன பயன்? சாவு எப்போது என்று ஜோசியர் சொன்ன மாதிரிதான்.

மச்சினரின் சென்சாருக்கும் இதே கேள்வி. தகவல் செல்போனுக்கு வரும், சரி, யார் பார்ப்பது? முதல் மாதத்தில் நாற்பது எச்சரிக்கை வந்து நாற்பதும் பொய்யானால், நாற்பத்தொன்றாவதை யாரும் திறக்க மாட்டார்கள். மாவுத்தூளும் ஈரமும் புளிப்பும் உள்ள இடத்தில் சென்சாருக்கும் ஆயுள் உண்டு என்பது தனி. அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கை எட்டாத, காது வைக்க முடியாத இடத்தில் அது தங்கம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு யார் நாடி பார்ப்பது? பேனல் போர்டில் கரண்ட்டைத் தொடர்ந்து பதிவு செய்தால் தண்ணீர் இல்லாமல் ஓடுவது, பேஸ் இறங்குவது எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உடைந்தபின் | நாள் குறித்து | நாடி பார்த்து |
|---|---|---|---|
| எப்போது சிறந்தது | நின்றாலும் உற்பத்தி ஓடும், மாற்று கைவசம் | தேய்மானம் நிச்சயம், மணிக்கணக்கு தெரியும் | முன்னறிகுறி உண்டு, நின்றால் பெருநஷ்டம் |
| மறைசெலவு | பக்கத்துப் பாகச் சேதம், இரவுக் கூலி | நல்ல பாகம் வீண், பொருத்தும்போது வரும் பிழை | பார்க்க ஆள், பொய் எச்சரிக்கை |
| சேகோ ஆலையில் | களத்து விளக்கு, சிறு மோட்டார் | தகடு, பெல்ட், கிளாண்ட், கிரீஸ் | ராஸ்பர் பேரிங், பெரிய மோட்டார், பம்ப் |
| ஏமாற்றும் இடம் | உயிராபத்து உள்ள பாகம் | தற்செயலாகப் போகும் பாகம் | சொல்லாமல் போகும் பாகம் |

## "இன்னொண்ணு வாங்கி வச்சுட்டா?"

ஸ்டாண்ட்பை பம்ப் யோசனை எல்லோருக்கும் வரும். தேவைப்படும்போது ஓடும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் 90 சதவீதம் என்றால், இரண்டில் ஒன்றாவது ஓடும் வாய்ப்பு 99. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே ஸ்டார்ட்டர் பேனலில், ஒரே மின்லைனில், ஒரே தொட்டியில் இருந்து உறிஞ்சினால்? மின்சாரம் இருக்கும் வாய்ப்பு 95 என்று வைத்தால், மொத்தம் 94 சதவீதம்தான் தேறும். மூன்றாவது, நான்காவது பம்ப் வைத்தாலும் 95ஐத் தாண்டாது. காசை ஜெனரேட்டரில் போட வேண்டிய இடத்தில் பம்பில் போட்டிருக்கிறோம்.

ஸ்டாண்ட்பை சும்மாவே கிடந்தால் சாஃப்ட் பிடித்துக்கொள்ளும், கிளாண்ட் காய்ந்துபோகும். வாரம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

## மலைமேல் கணக்கு வேறு

ஏற்காட்டு எஸ்டேட்டில் பறித்த காபிப் பழத்தை அன்றன்றைக்கே தோல் உரிக்கும் பல்ப்பரில் போட வேண்டும், இல்லாவிட்டால் குவியலிலேயே புளிக்கும். பறிப்பு நடக்கும் வாரங்களில் மோட்டார் ராஜா, மற்ற மாதங்களில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சும்மா கிடக்கும் மாதங்கள்தான் எமன். மூடுபனி ஈரம் காயிலில் இறங்கி, முதல் நாள் சுவிட்ச் போட்டதும் எரியும். சீசனுக்கு முன் காயிலின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெகரால் ஒரு முறை அளந்து, போன வருடத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விழுந்திருந்தால் காய வைத்த பிறகு ஓட்டுங்கள்.

அதிர்வுமானியைவிட அங்கே அலமாரிதான் முக்கியம். கீழே டவுனில் அரை மணியில் கிடைக்கும் பேரிங் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஒரு செட் பேரிங், ஒரு செட் பெல்ட், முடிந்தால் காயில் கட்டிய மோட்டார் ஒன்று. மேலே இதுதான் முதல் செலவு, மற்றதெல்லாம் பிறகு.

## மூன்று வழியிலும் சிக்காதது

ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டிய சிங்கிள் பேஸ் ரிலேவை எடுத்துக்கொள்ளுங்கள். அது செத்துப் போனாலும் மோட்டார் ஓடும், ஒருவருக்கும் தெரியாது. பேஸ் போகும் அன்றுதான் தெரியும், அன்று மோட்டார் எரிந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியின் ஃப்ளோட் சுவிட்ச், ஜெனரேட்டரின் ஆட்டோ ஸ்டார்ட், தீயணைப்பான், கசிவு மின்சாரத்துக்கான பிரேக்கர் எல்லாம் இந்த ஜாதி. கடைசியாகச் சொன்னது ஆள் உயிர் விஷயம்.

இவற்றை உடைந்தபின் பார்க்க முடியாது, முன்னறிகுறியும் வராது. வேண்டுமென்றே இயக்கிச் சோதிப்பது ஒன்றுதான் வழி. சராசரியாகப் பத்து வருடத்துக்கு ஒரு முறை பழுதாகும் ரிலேவை வருடத்துக்கு ஒரு முறை சோதித்தால், தேவைப்படும் நேரத்தில் அது செத்திருக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். மாதம் ஒரு முறை சோதித்தால் அரை சதவீதத்துக்கும் கீழே. ஐந்து நிமிட வேலை, உதிரியும் தேவையில்லை. நான் பார்த்த ஒப்பந்தத் தாள்களில் பெரும்பாலும் இது இருப்பதில்லை, பில் போட முடியாத வேலை என்பதால் இருக்கலாம்.

## தம்பிக்குச் சொன்னது

ராஸ்பர் தகடும் பெல்ட்டும் மணிக்கணக்குப்படி மாறட்டும். பெரிய மோட்டார் பேரிங்கை யாரும் தொட வேண்டாம். வாரம் ஒரு முறை ஒரே இடத்தில் அதிர்வும் சூடும் அளந்து நோட்டில் எழுதட்டும், ஆரம்ப எண் இரட்டித்தால் எனக்கு போன். களத்து விளக்கும் சிறு மோட்டாரும் அப்பா சொன்னபடி. சென்சார் இந்த சீசனுக்கு வேண்டாம், போர்வெல் பேனலுக்கு மட்டும் கரண்ட் பதிவு. காண்ட்ராக்டரை விரட்ட வேண்டாம், "எல்லா பேரிங்கும்" என்ற வரியை அடித்துவிட்டு "மாதந்தோறும் ரிலே, ஃப்ளோட், ஜெனரேட்டர் சோதனை" என்று எழுதச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் அலமாரிக்கு உதிரி.

மறுநாள் காலை தம்பி மறுபடி அழைத்தார். அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றாராம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "நோட்டுல யாரு எழுதறது?" அது இன்னும் முடிவாகவில்லை.